கௌபெ கொண்டுபோன மான்

ஈரக் கம்பளியில் சாம்பிராணிப் புகை ஏறினால் எப்படி மணக்கும் என்று இந்த உலகத்தில் மிகச் சிலருக்குத்தான் தெரியும், அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. பாதி கோயில், பாதி நனைந்த ஆடு. ஒஸ்லோவின் வடகிழக்கு ஓரத்தில், ரொம்மனில், நாங்கள் இருந்த தொடர்மாடி வீட்டின் வாசல் அலுமாரியைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுகிற வாசம் அது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அம்மா வேலையால் வந்து முழுகி, கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவிக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டு, சாம்பிராணித் தட்டைக் கையில் ஏந்தி அறை அறையாகப் போவார். அலுமாரிக் கதவைத் திறந்து உள்ளேயும் ஒருதரம் காட்டுவார். அந்த அலுமாரிக்குள், எங்கள் குளிர் உடுப்புகளுக்கு நடுவே, அப்பாவின் வேட்டைச் சட்டையும் தொங்கியது.

அப்பா வேட்டைக்காரர் என்று சொன்னால் இன்றைக்கும் எங்கள் ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர், முயலைக்கூடத் துரத்தியிராதவர், ஒஸ்லோவுக்கு அகதியாக வந்து ஒரு குளிர்களஞ்சியத்தில் பதினைந்து வருடமாகப் பெட்டி அடுக்கியவர். அவருடைய வேலைத்தலத்தில் ஆவணி மாதம் பிறந்தால் போதும், சாப்பாட்டு அறையில் மான், எல்க் என்கிற குதிரை உயர மான், நாய், காடு என்பதைத் தவிர வேறு கதை இருக்காது. அப்பா அந்த மேசையின் ஓரத்தில் தன் சோற்றுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, எல்லாருடைய கதைக்கும் தலையாட்டியபடி பதினைந்து இலையுதிர்காலங்களைக் கழித்திருக்கிறார். நோர்வேக்காரர் ஒருவர் உங்களைக் கோப்பிக்குக் கூப்பிடலாம், பிறந்தநாளுக்குக்கூடக் கூப்பிடலாம். ஆனால் தன்னுடைய வேட்டைக் குழுவுக்குள் கூப்பிடுவது என்பது தன் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தருவதற்குச் சமம். அப்படித்தான் ஆர்னெ அப்பாவைக் கூப்பிட்டார். களஞ்சியத்தில் தூக்கு வண்டி ஓட்டிய, நெடிய, அதிகம் பேசாத மனிதர். அவருடைய தமையனுக்கு நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் காடு இருந்தது. குழுவில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது, உனக்கு விருப்பமா என்று ஒருநாள் பெட்டி அடுக்கும்போது கேட்டாராம். அப்பா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் நெடுநேரம் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவு சந்தோசம் அவருக்கு.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா வேட்டைக்காரர் பரீட்சைக்குப் படித்தார். பதினொரு வயதான எனக்கு அவரைவிட நோர்வே மொழி நன்றாக வரும் என்பதால், மிருகங்களின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பது என் வேலை. எதைச் சுடலாம், எதை எந்த மாதத்தில் சுடக்கூடாது, எது எப்போதும் பாதுகாக்கப்பட்டது என்பதெல்லாம் எனக்கும் பாடமாகிவிட்டது. பரீட்சையில் நான் இருந்திருந்தால் நானும் சித்தியடைந்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா முதல்தரமே சித்தியடைந்தார். பிறகு ஆர்னெயின் மாமனாரிடமிருந்து ஒரு பழைய இரட்டைக்குழல் துவக்கு வந்தது, அதைப் பூட்டி வைக்கச் சட்டப்படி ஓர் இரும்பு அலுமாரியும் வந்தது. சாமான் அறையில் அரிசி மூட்டைகள் இருந்த இடத்தில் அதை நிறுத்தினார்கள். அரிசி மூட்டைகள் என் கட்டிலுக்குக் கீழே வந்து சேர்ந்தன.

அம்மாவுக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. ஊரில் துவக்கோடு வந்தவர்கள் எந்தப் பக்கத்தாராக இருந்தாலும், வாசல் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குள் மூச்சுக் காட்டாமல் நின்று வளர்ந்தவர் அவர். அந்த நாட்களில் ஊரில் சண்டை ஓய்ந்திருந்தது, எங்கள் ஆட்கள் கோடை விடுமுறைக்குப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பறந்தார்கள். அப்படியிருந்தும் அம்மா அந்த இரும்பு அலுமாரியைக் கடந்து உப்புப் புளி எடுக்கப் போகும்போது ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் போவார். அலுமாரி வந்த அன்று அவர் சத்தம் போடவில்லை. சாப்பாட்டு மேசையில் சொதியை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள், இஞ்சை காசு குடுத்துத் துவக்கு வாங்கிறம். சரி, அது உங்கடை விருப்பம். ஆனா கத்தி எண்டால் அது மரக்கறி வெட்ட வேணும், துவக்கு எண்டால் அது இறைச்சி கொண்டு வர வேணும். சும்மா வீட்டிலை படுத்திருக்கிற துவக்கு எனக்கு வேண்டாம். இந்த ஒரு வருசம் பாப்பம். ஒரு மானும் வரேல்லை எண்டால் அது வந்த இடத்துக்குப் போகட்டும்."

அப்பா "ஓம், சரி" என்றார். அப்பா எதற்காவது "ஓம், சரி" என்றால் அது எழுதிக் கையெழுத்து வைத்த மாதிரி. துவக்கு இல்லாதவனுக்கு வேட்டைக் குழுவில் இடமில்லை என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆக, ஒரு மான் வந்தால் அப்பா அந்த மேசையில் மற்றவர்களைப் போல இருப்பார், வராவிட்டால் பழையபடி ஓரத்தில் இருந்து தலையாட்டுவார். விசயம் அவ்வளவுதான்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பிள்ளை பக்கத்திலை இருந்தால் கை கண்டபடி போகாது." இப்படித்தான் நான் வேட்டைக்குப் போனேன். குழுவில் மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வருவது வழக்கம் என்பதால் யாரும் அதிசயப்படவில்லை. என் உத்தியோகம் என்னவென்றால், சாட்சி. ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அம்மா அப்பாவிடம் கேட்கமாட்டார், என்னிடம்தான் கேட்பார். "சுட்டவரே?" நான் "இல்லை" என்பேன். அம்மா "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.

மான் வேட்டை என்றால் காட்டுக்குள் ஓடித் திரிவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒரே இடத்தில் குந்தியிருக்கிற வேலை. காட்டில் மான்கள் வழக்கமாக நடக்கிற தடங்கள் இருக்கின்றன, அந்தத் தடங்களின் ஓரமாக ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் கொடுப்பார்கள், அதற்குப் பெயர் "போஸ்ட்". போஸ்டில் இருப்பவர் எழும்பக்கூடாது, இருமக்கூடாது, கதைக்கவே கூடாது. ஆர்னெ காட்டின் மறுபக்கத்திலிருந்து, காளான் பொறுக்க வந்தவர் போல மெதுவாக நடந்து வருவார். மான்கள் அவருக்கு முன்னால் நழுவி எங்கள் பக்கமாக வரும். அது திட்டம். நாங்கள் ஒரு தேவதாரு மரத்தின் அடியில், ரப்பர் தட்டுகளின்மேல், ரொட்டியும் சம்பலும் சுற்றிய பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு இருப்போம். பொட்டலத்தைச் சரசரக்காமல் பிரிப்பதில் நான் கைதேர்ந்தவளானேன். வீட்டில் ஒரு நிமிடம் வாய் மூடாத பிள்ளை என்று பெயர் வாங்கிய நான், அந்தக் காட்டில் மணிக்கணக்காகப் பேசாமல் இருந்திருக்கிறேன். அப்பாவை முழுதாக எனக்கென்று வைத்திருந்தது அந்த நேரங்களில்தான் என்பதால் அது எனக்கு ஒரு பாரமாகவே இருக்கவில்லை.

ஆனால் மான் வரவில்லை. மற்றவர்களின் போஸ்டுக்கு வந்தது, எங்களுடைய போஸ்டுக்கு மட்டும் வரவில்லை. புரட்டாதி முடிந்து ஐப்பசியும் நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மாமாமார் அப்பாவுக்கு "மான்காரர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கறி எப்ப, கறி எப்ப என்று கேட்டு அவரை ஒரு வழி பண்ணினார்கள். அப்பாவும் சிரித்துச் சமாளித்தார்.

ஏன் வரவில்லை என்பதை ஒரு ஞாயிறு, நெருப்பைச் சுற்றிக் கோப்பி குடிக்கும்போது ஆர்னெ கண்டுபிடித்தார். அப்பாவின் பக்கத்தில் வந்து இருந்தவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அப்பாவின் தோளை மணந்து பார்த்தார். பிறகு முதுகை மணந்து பார்த்தார்.

"உன் சட்டை தேவாலயம் மாதிரி மணக்கிறதே," என்றார். "காடு முழுக்க உள்ள மான்களுக்கு நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியும்."

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. மானுக்கு மூக்குத்தான் கண் என்று பரீட்சைக்குப் படித்தோம், நானே அப்பாவிடம் அந்தக் கேள்வியைப் பலதரம் கேட்டிருக்கிறேன்; ஆனால் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி ஒரு வாசம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருக்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அம்மா வேண்டுமென்றுதான் அந்த அலுமாரிக்குள் தட்டைக் காட்டினாரா என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் வந்தது. கேட்டபோது, "சாமிக்குக் காட்டிற புகையை நான் மானுக்காக நிப்பாட்டேலுமோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து அப்பாவின் சட்டை பல்கனியில், மழையிலும் பனியிலும் தொங்கத் தொடங்கியது.

கடைசி ஞாயிறு வந்தது. அதற்குப் பிறகு ஆர்னெயின் தமையன் காட்டில் மரம் தறிக்க ஆட்களை விடப்போகிறார், அப்பாவுக்கும் மார்கழி முழுக்கச் சனி ஞாயிறு வேலை. அன்று மான் விழாவிட்டால் துவக்கு போய்விடும். விடிவதற்கு முன் காரில் ஏறி இருந்தபோது அப்பா என் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தார். முந்தின நாள் சனிக்கிழமை. அம்மா எனக்கு எண்ணெய் வைத்து முழுக வார்த்து, ஈரத் தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடித்திருந்தார். சட்டையைப் பற்றி யோசித்த எங்களுக்கு என் தலைமயிரைப் பற்றி யோசனையே வரவில்லை. அப்பா என் கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே வரை இழுத்துவிட்டு, அதன்மேல் குளிர்சட்டையின் தலைமூடியையும் போட்டு, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். எனக்கு மூக்கும் கண்ணும் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

காற்று அன்று எங்கள் பக்கம் நின்றது. எங்களுக்கு முன்னால் ஒரு சிறிய வெளி, பழுத்துச் சரிந்த புல், அதன்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. காற்று அந்த வெளியிலிருந்து எங்கள் முகத்துக்கு வந்தது. ஆகவே அங்கே வருகிற மானுக்கு என் தலைமயிர் மணக்காது. அப்பா இரண்டு குழலிலும் தோட்டாவைப் போட்டுத் துவக்கை மடியில் வைத்தார். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எனக்குக் கால்விரல் மரத்துப்போயிருந்தது, ஆனாலும் அசையவில்லை.

அப்போது மான் வந்தது. வெளியின் அந்தப் பக்கத்து மரங்களுக்கிடையிலிருந்து, எங்கள் ஊர் வெள்ளாட்டின் அளவில், கறுத்த மூக்கோடு, ஒற்றையாக வந்தது. ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்று கேட்டது. பிறகு இரண்டு அடி வந்தது. அப்பாவின் துவக்கு மடியிலிருந்து எழும்பியதை நான் பார்க்கவேயில்லை, பார்க்கும்போது அது தோளில் இருந்தது. அந்தத் துவக்கால் கிட்டத்தில் வைத்துத்தான் சுட வேண்டும், இல்லையென்றால் மிருகம் காயத்தோடு போய் எங்கோ கிடந்து சாகும். அப்பா காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் வா, இன்னும் கொஞ்சம் வா என்று நான் மனதுக்குள் மானை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் இடப்பக்கத்தில், பட்டுப்போன ஒரு மரக்குற்றியின் நிழலில் இன்னொருவரும் காத்திருப்பதைக் கண்டேன். முதலில் அது ஒரு கல் என்று நினைத்தேன். கல்லுக்குக் காது இருந்தது, காதின் நுனியில் கறுப்பு மயிர்க் குஞ்சம் இருந்தது. பரீட்சைப் புத்தகத்தின் படம் எனக்கு உடனே நினைவு வந்தது. நோர்வேக்காரர் "கௌபெ" என்பார்கள். பூனை இனம்தான், ஆனால் நாயைவிட உயரம், நீண்ட கால், வெட்டிவிட்டது போலக் குட்டை வால், கன்னம் இரண்டிலும் தாடி. காட்டிலேயே வாழ்ந்து கிழவர்களானவர்கள்கூட அதன் காலடியை மட்டும்தான் கண்டிருப்பார்கள். அது எங்கள் பல்கனிக்கும் கீழே கார் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தில், வயிறு புல்லில் முட்டப் படுத்து, எங்களுடைய மானைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அசைந்தால் மான் ஓடும், மான் ஓடினால் துவக்கு போகும். பயந்தாலும் நான் அசையவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

மான் இன்னும் ஓர் அடி வைத்தது. அப்பாவின் விரல் துவக்கின் விசைக்குப் போனது. அந்தக் கணத்தில் கௌபெ எழும்பியது. நாலைந்து பாய்ச்சல்தான், உறைபனி தூளாகப் பறந்தது, மான் ஒருதரம் குரைப்பது போலக் கத்தியது, அவ்வளவுதான். எங்களுக்கு நேரே, வெளியின் நடுவில், கௌபெ மானின் தொண்டையைக் கவ்விப் பிடித்தபடி அதன்மேல் படுத்திருந்தது. மானின் பின்னங்கால்கள் கொஞ்சநேரம் உதைத்தன, பிறகு நின்றன. கௌபெ வாயை எடுக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி எங்களைப் பார்த்தது.

எனக்கு மூளை வேகமாக வேலை செய்தது. அங்கே ஒரு மான் கிடக்கிறது. புதிதாகச் செத்த, முழு மான். அம்மா கேட்டது இறைச்சி, யார் கொன்றது என்று அவர் கேட்கவில்லை. ஒரு வெடி போதும், அந்தப் பூனை விட்டுவிட்டு ஓடிவிடும், துவக்கும் மிஞ்சும், ஆர்னெயின் குழுவும் மிஞ்சும். நான் அப்பாவின் காதுக்குக் கிட்டப் போய் அந்த இலையுதிர்காலத்தில் போஸ்டில் இருந்து பேசிய என் முதல் வார்த்தையைச் சொன்னேன்.

"அப்பா, மேலை சுடுங்கோ. அது விட்டிட்டு ஓடும். நாங்கள் எடுப்பம்."

நல்ல யோசனைதான். இப்போதும் அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார், குழலை நிலத்தைப் பார்க்கப் பிடித்தார், பெருவிரலால் நெம்பைத் தள்ளித் துவக்கை முறித்துத் திறந்தார். "க்ளிக்" என்ற அந்தச் சின்னச் சத்தத்துக்குக் கௌபெயின் குஞ்சக் காதுகள் இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. அப்பா ஒரு தோட்டாவை எடுத்தார், பொக்கற்றுக்குள் வைத்தார். மற்றதையும் எடுத்தார், அதையும் வைத்தார். திறந்த துவக்கை முழங்கை மடிப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றக் கையை என் முழங்காலில் வைத்தார்.

"அது தன்ரை சாப்பாட்டைப் பிடிச்சிட்டுது," என்று மெல்லச் சொன்னார். "பாத்துக்கொண்டிரு."

பார்த்துக்கொண்டிருந்தோம். கௌபெ எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம். அதன் கண் மஞ்சளாக, மிகத் தெளிவாக இருந்தது. அதில் கோபம் இல்லை, பயமும் இல்லை, நாங்கள் ஒரு பொருட்டே இல்லை. பிறகு அது மானின் கழுத்தைக் கவ்வி, தன் முன்னங்கால்களுக்கு நடுவே இட்டு, பின்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. கொஞ்சம் இழுக்கும், நிற்கும், பார்க்கும், திரும்ப இழுக்கும். மரங்களுக்குள் அது மறைந்த பிறகும் மான் புல்லில் உரசிப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அம்மா சொன்ன மான் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை அது.

நெருப்படியில் அப்பா தன் நோர்வே மொழியில் நடந்ததைச் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. ஆர்னெ எழுந்து வெளிக்குப் போய், உறைபனியில் இருந்த காலடியையும் மானை இழுத்த தடத்தையும் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது அவர் நடை மாறியிருந்தது. "சின்ன வயதிலிருந்து இந்தக் காட்டில் இருக்கிறேன், உயிரோடு ஒன்றைக் கண்டதில்லை," என்று சொல்லி அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். "திரும்பவும் சொல்லு. முதலிலிருந்து." அப்பா திரும்பச் சொன்னார். அப்பாவின் கோப்பிக் கோப்பையை யாரோ நிரப்பினார்கள். பதினைந்து வருடம் கதை கேட்டவர் கதை சொல்ல, மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் அதனால் என்ன? துவக்கு போகப்போகிறது. எனக்கு அதுதான் மண்டைக்குள் நின்றது.

திரும்பி வரும்போது காரில் நான் அப்பாவோடு கதைக்கவில்லை. ரொம்மனுக்குக் கிட்ட வந்தபோது அவர்தான் வாய் திறந்தார்.

"பயந்தவன்ரை கை தன்பாட்டிலை சுட்டுப்போடும், பிள்ளை. நான் நல்லாப் பயந்துபோனன். நீ வேற பக்கத்திலை. அதுதான் கழட்டினனான்."

வீட்டுக்குள் போனதும் அம்மா வழக்கம் போல என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்க முதல் அப்பா, "இல்லை. முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து இரும்பு அலுமாரியின் சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "நாளைக்கு ஆர்னெயிட்டைச் சொல்லிறன். அவர் வந்து கொண்டுபோவார்." சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றுகிற மனிதர் மீது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. நான் முழுவதையும் கொட்டினேன்.

"கையிலை வந்த மானை விட்டிட்டார், அம்மா. பெரிய பூனை ஒண்டு வந்து பிடிச்சது. நான் மேலை சுடச் சொன்னனான். சுட்டிருந்தால் அது ஓடியிருக்கும். இவர் சுடாமல் தோட்டாவைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டு இருந்தவர்."

அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். நீத்துப்பெட்டியைக் கையில் வைத்தபடி திரும்பினார்.

"என்ன செய்தவர்?"

"தோட்டாவைக் கழட்டினவர்."

"பூனை நிக்கேக்கையோ?"

"ஓம். எங்களைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கை."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. சும்மா இருந்து பாத்தனாங்கள்."

அம்மா நீத்துப்பெட்டியை வைத்தார். கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். அந்தச் சாவியை அவர் அதுவரை தொட்டதேயில்லை, அது தன் பார்வையில் படுவதுகூட அவருக்குப் பிடிக்காது. அதை எடுத்து, நின்றுகொண்டிருந்த அப்பாவின் சட்டைப் பைக்குள் போட்டார்.

"சாப்பிடுங்கோ," என்றார். "புட்டு ஆறப்போகுது."

அடுத்த வருடமும் அப்பா வேட்டைக்குப் போனார், அதற்கடுத்த வருடமும் போனார். மான்களும் வந்தன, இறைச்சியை அம்மா மிளகு போட்டுப் பிரட்டி, தமிழ்ப் பள்ளிக்கூடத்து மாமாமாரின் வாயை அடைத்தார். நான் பெரியவளானதும் போவதை நிறுத்திக்கொண்டேன். இப்போது பேர்கனில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன், அங்கே மழை பெய்யாத ஞாயிறுதான் எங்களுக்கு அதிசய மிருகம்.

அந்தக் காட்டில் பாதி இன்று இல்லை. தறித்த இடத்தில் விடுமுறை வீடுகள் எழும்பி, வெளி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஆர்னெ காலமாகிவிட்டார், அவருடைய குழுவும் அவரோடு கலைந்துபோனது. அப்பாவுக்கு முழங்கால் ஏலாமல் போய், கடந்த இலையுதிர்காலத்தில் துவக்கை ஓர் இளைஞனுக்கு விற்றார். இரும்பு அலுமாரியையும் அவனே ஏற்றிக்கொண்டு போனான். நான் போயிருந்தபோது சாமான் அறையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது, நிலத்தில் அதன் நாலு கால்களின் தடம் மட்டும் இருந்தது. அம்மா பக்கத்தில் நின்று பருப்புப் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தார். அவ்வளவு ஆசைப்பட்டுத் துரத்த நினைத்த துவக்கை அன்றைக்கு ஏன் இருக்க விட்டீர்கள் என்று, இத்தனை வருடத்துக்குப் பிறகு, அப்போதுதான் அவரிடம் கேட்டேன்.

அம்மா போத்தலை எடுத்துத் தூசியைத் துடைத்தார்.

"துவக்கோடை வந்த எத்தினையோ பேரை ஊரிலை பாத்தனான், பிள்ளை. எல்லாரும் தோட்டாவைப் போட்டுக்கொண்டுதான் வந்தவை. போட்டதைத் தானாக் கழட்டின ஒரு ஆளைப் பற்றி அண்டைக்குத்தான் முதல்முதலாக் கேள்விப்பட்டன். பாத்தால், அந்த ஆள் என்ரை வீட்டிலை இருக்கிறார்."